விரலிடுக்கு

அப்பாவின் இஞ்சு டேப் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் நிறம், இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர். ஜம்பட்டா வீதியில் அவர் வைத்திருந்த தையல் கடையில் 2008 வரைக்கும் அது அவர் கழுத்திலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அதை அவர் கடைக்குக் கொண்டுபோகவில்லை. கடைக்கு வேறொன்று வாங்கிக்கொண்டார். இந்த டேப்பில் பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடையில் இலக்கங்கள் அழிந்துவிட்டன. அத்தையின் காலை அளந்து அளந்து என் பெருவிரல் அழித்தவை.

நாங்கள் ஜிந்துப்பிட்டியில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். கொழும்பில் தோட்டம் என்றால் மரமும் செடியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் தோட்டத்தில் பதினாறு வீடு, ஒரு பைப், இரண்டு கக்கூஸ், நடுவில் ஒரு காண். மழை பெய்தால் காண் ஓடும். பெய்யாத நாளில் கறுப்பாக நிற்கும். நின்ற தண்ணீரில் நுளம்பு. மாலை ஆறு மணிக்கு முருகன் கோயில் மணி அடிக்கும்போதே எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திவிடுவோம், சாத்தியும் பிரயோசனம் இருந்ததில்லை.

என் சின்ன வயதில், இரவு ஒன்பது மணிக்கு மேல் சில பேர் டோர்ச் லைட்டும் பெட்டியுமாக வருவார்கள். யானைக்கால் தடுப்பு இயக்கத்து ஆட்கள். தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எழுப்பி விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். பகலில் வந்தால் என்ன என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். பகலில் வந்து பயனில்லை. யானைக்காலைக் கொண்டுவரும் புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளே ஒளிந்திருந்து, இரவில், நுளம்பு கடிக்கிற நேரம் பார்த்து மேல் இரத்தத்துக்கு வருகின்றன. 1877இல் சீனாவின் அமோய்த் துறைமுகத்தில் இருந்த பற்றிக் மேன்சன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர்தான் இந்தப் புழுவை நுளம்பின் வயிற்றுக்குள் முதலில் கண்டவர். இலங்கையில் தடுப்பு இயக்கம் தொடங்கியது 1947இல். புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி வழியாக அம்பாந்தோட்டை வரைக்கும் மேற்கும் தெற்குமான கரையோரம் முழுக்க அவர்களுடைய வேலை இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அவர்கள் வந்து குத்தியபோது அத்தைக்குப் பிந்திவிட்டிருந்தது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வலது கால் பெரியதுதான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் காய்ச்சலும் குளிருமாகத் தொடங்கியதாம். அரையில் நெறி கட்டி, கால் சிவந்து, நாலு நாளில் இறங்கும். இறங்கும்போது வீக்கம் மட்டும் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். பெண் பார்க்க வந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அம்மா ஒரு முறை சொன்னார். அத்தை அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. யானை என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுக்கமாட்டோம். வீட்டுக்குள் அது ‘அந்தக் கால்’. தெருவில் சிங்களத்தில் ‘பரவா’ என்பார்கள். கொச்சிக்கடைச் சந்தியில் மீன் விற்கும் ஒருத்தி அதையே அத்தைக்குப் பெயராக வைத்துக் கூப்பிட்டாள். அத்தை அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்தினாரே தவிர ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அத்தையின் தொழில் இடியப்பம். விடிய மூன்றரைக்கு எழும்பிவிடுவார். கட்டைப் பலகையில் உட்கார்ந்து, அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு, மடியில் தட்டை வைத்துப் பிழிவார். ஆறு மணிக்குள் நான்கு சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பியாக வேண்டும். முப்பது வருஷம் அந்தப் பலகை. இதெல்லாம் முடிந்த பிறகு காலைக் கழுவும் வேலை. குந்தி உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு, தோலின் மடிப்புகளிலும் ஒவ்வொரு விரலிடுக்கிலும் விரலை விட்டுத் தேய்ப்பார். பிறகு பழைய வொயில் துணியில் ஒற்றிக் காயவைப்பார். பிள்ளைக்குக் காது துடைப்பதுபோல அவ்வளவு மெதுவாக. யாராவது சொல்லிக்கொடுத்ததா, தானாகக் கண்டுபிடித்ததா, தெரியாது. வீங்கிய காலுக்கு உலகத்திலுள்ள எந்தக் கிளினிக்கிலும் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2002இலிருந்து 2006 வரை வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாக வந்து குளிசை கொடுத்தார்கள். டீஈசியும் அல்பெண்டசோலும். அத்தை ஐந்து வருஷமும் விழுங்கினார், ஐந்து வருஷமும் மறுநாள் காலை காலைத் தடவிப் பார்த்தார். அது வடியவில்லை. வடியவும் வடியாது. அந்தக் குளிசை இரத்தத்திலுள்ள குஞ்சுகளைக் கொன்று, அடுத்த ஆளுக்குப் பரவாமல் தடுப்பதற்கு. அத்தையின் காலில் இருந்த புழுக்கள் எப்போதோ செத்துப்போயிருக்கும், அவற்றின் ஆயுளே ஆறேழு வருஷம்தான். அவை உடைத்துவிட்டுப் போன குழாய்கள்தான் மிச்சம். “ஊருக்கு நல்லதுன்னா குடிக்கிறேன். எனக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லாதே” என்பார்.

இடுப்பு வலி எந்த வருஷம் தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாப் பழியையும் அந்தக் கால் சுமந்ததால் வேறொரு வியாதி உள்ளே வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நொண்டினால், கால் கனம். விவேகானந்தா மேட்டில் ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்கினால், கால் கனம். இரவில் புரண்டு படுக்கும்போது “அம்மா” என்றால், அதுவும் கால்தான். கடைசியில் ஒரு டொக்டர் காலை விட்டுவிட்டு இடுப்பைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கத்துத் தொடை எலும்பின் தலை பந்து மாதிரி உருண்டிருந்தது. வலது பக்கம் அது கரையில் கிடந்து தேய்ந்த கல்லைப்போலச் சப்பையாகி, கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலின் கனத்தால்தான் இப்படியா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பெரிய கால் இல்லாத எத்தனையோ பேருக்கும் மூட்டு இப்படித் தேய்கிறது என்றார். மாற்றிவிட்டால் வலி போய்விடும் என்றார். அத்தைக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

மூட்டு மாற்றுவது உண்மையில் பெரிய விஷயம்தான். இங்கிலாந்தில் லங்காஷயரில் ரைட்டிங்டன் என்ற ஆஸ்பத்திரியில் ஜோன் சார்ன்லி என்பவர் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை. முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லோன் போட்டுப் பார்த்தார், மூன்றே வருஷத்தில் தேய்ந்து போனது. 1962இல் கெட்டியான பொலிஎதிலீனுக்கு மாறினார், நின்றது. எலும்பில் ஒட்ட வைப்பதற்குப் பல் வைத்தியர்கள் பாவிக்கும் அக்ரிலிக் பசையை எடுத்துக்கொண்டார். பிறகு அந்த மனிதரைத் தூங்கவிடாமல் செய்தது கிருமி. ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ளேயே வடிகட்டிய காற்று ஓடும் ஒரு கூண்டைக் கட்டி, டொக்டர்களுக்கு உடம்பு முழுவதும் மூடிய உடுப்பு மாட்டிவிட்டார். ஹம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸ் என்பவர் 1970 அளவில் பசையிலேயே ஜென்டமைசின் மருந்தைக் கலக்கத் தொடங்கினார். ஓர் உலோகத் துண்டை உடம்புக்குள் வைத்தால் இரத்தம் ஓடாத அந்தத் துண்டில் ஒட்டிக்கொள்ளும் கிருமியை எந்த ஊசியாலும் எளிதில் கழற்ற முடியாது என்பதால்தான் இத்தனை பாடு. இதையெல்லாம் நான் பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்தது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் கூட. இரண்டு தரம் திகதி கொடுத்து இரண்டு தரமும் மாற்றினார்கள். மூட்டை வெளியில் வாங்கித் தரச் சொன்னதால் அத்தையின் இரட்டைவடச் சங்கிலி செட்டியார் தெருவில் நிறுவைக்குப் போனது. இந்த இரண்டு வருஷத்தில்தான், யாரும் பார்க்காமல், அந்த விஷயம் நடந்தது. இடுப்பு இறுகிக்கொண்டே வந்ததில் அத்தையால் குந்த முடியாமல் போனது. குனியவும் முடியவில்லை. நின்றபடி காலில் தண்ணீர் ஊற்றுவார், மற்றக் காலால் தேய்ப்பார். விரலிடுக்குக்கு அவர் கை எட்டவில்லை. வீட்டில் நான்கு பேர் இருந்தோம். யாரையும் அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

2008 பெப்ரவரி, திங்கட்கிழமை. மறுநாள் ஒப்பரேஷன். வார்ட்டில் சாயங்காலம் பார்வையாளர் நேரம். அத்தைக்குப் பச்சைக் கவுன் போட்டிருந்தார்கள், தொடையில் ஊதாப் பேனையால் அம்புக்குறி. கட்டிலுக்குக் கீழே விழுந்த மூடியை எடுக்கக் குனிந்தபோது என் முகம் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு வாடை, ஈரத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டு வைத்தால் வருமே, அதுபோல. நாலாம் விரலுக்கும் சின்ன விரலுக்கும் இடையில் ஒரு பஞ்சுத் துண்டு சொருகியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். தோல் வெள்ளை வெளேரென்று ஊறி, நடுவில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் சிவப்பு. அரை அங்குலம்கூட இல்லை.

“அத்தே, இது என்ன? டொக்டர் பார்த்தாரா?”

“சும்மா இரு. சேத்துப்புண்ணு. களிம்பு வச்சிருக்கேன்.”

“சொல்லணும் அத்தே.”

“சொன்னா திரும்பவும் தள்ளிப் போட்டுருவாங்கடா. இன்னொரு ரெண்டு வருஷம் என்னால முடியாது. வாயத் திறக்காதே, சரியா?”

நான் பஞ்சைத் திரும்ப வைத்தேன். நர்ஸ் மிஸ்ஸி அந்தப் பக்கமாக வந்தார், ஒருமுறை என் முகத்தைக்கூடப் பார்த்தார். எனக்கு அப்போது நாற்பது வயது, படித்தவன், துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவன். நான் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்ததும் எழும்பி வந்துவிட்டேன். வார்ட்டிலும் அந்தப் பாதத்தை யாரும் விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அது அவர்கள் கணக்கு. என் கணக்கு இது.

ஒப்பரேஷன் நன்றாகத்தான் நடந்தது. முள்ளந்தண்டில் ஊசி, இடது பக்கம் சரித்துப் படுக்கவைத்து இரண்டு மணித்தியாலம். மறுநாளே வோக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். எழும்பி நின்றவர் என்னைப் பார்த்து, “அந்த வலி இல்லடா” என்றார். வெட்டுக்காயம் வலித்தது, உள்வலி போய்விட்டது. அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

ஆனால் காயம் காயவில்லை. கட்டியிருந்த துணி பிளேன்டீ நிறத்தில் ஊறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள். இரத்தம் கட்டாமலிருக்க எல்லோருக்கும் மாட்டும் வெள்ளைக் காலுறை அத்தையின் காலுக்கு ஏறவில்லை. இழுத்து ஏற்றியதும் முழங்காலுக்குக் கீழே சுருண்டு கயிறு போல இறுக்கியது. கழற்றிப் பார்த்தால் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம். பிறகு வெறும் காலாகவே விட்டுவிட்டார்கள். வயிற்றில் மட்டும் தினம் ஒரு ஊசி, இரத்தம் உறையாமலிருக்க. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குந்தக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, இடுப்பை மடித்துக் குனியக்கூடாது. குனிந்தால் புது மூட்டு கழன்றுவிடும். தச்சரைக் கூப்பிட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை போட்டுக் கொமட் செய்தோம். பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம். இத்தனையும் யோசித்தோம், குனியக்கூடாத ஒருத்தி எப்படிக் கால் கழுவுவாள் என்பதைத் தவிர.

பதினேழாம் நாள் குளிர் எடுத்தது. இரண்டு போர்வைக்குள் பல் கிட்டியது. கால் சிவந்து, தொட்டால் சுட்டது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் வருகிற கால் காய்ச்சல்தானே என்று பனடோல் கொடுத்தோம். மஞ்சள் அரைத்துப் பூசினோம். அத்தையும் அதையேதான் சொன்னார். வழக்கமாக வருகிற ஒன்றின் முகத்தைப் போட்டுக்கொண்டு வழக்கமில்லாத ஒன்று வந்து வாசலில் நிற்கிறது, நாங்கள் பழைய ஆள் என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் இரவு தையலோரம் வெடித்துச் சீழ் வந்தது.

இரவு ஒரு மணி. த்ரீவீலரில் அத்தையைக் குறுக்கே சாய்த்து, காலை என் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். அது யுத்த காலம். அந்த நேரத்தில் தமிழர்கள் நிரம்பிய வண்டி கொட்டாஞ்சேனையைத் தாண்டுவது லேசான காரியமில்லை. முதல் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கிருந்து, எங்கே. இளம் பொடியன் ஒருவன் டோர்ச்சை உள்ளே அடித்தான். வெளிச்சம் முகம் முகமாக வந்து என் மடியில் நின்றது. மூடியிருந்த சீலை விலகிக் கிடந்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பரவா?” என்றான். குரலில் பரிகாசம் இல்லை.

அத்தை கண்ணைத் திறந்தார். “ஓவ் புதே” என்றார். ஆமாம் மகனே.

அவன் டோர்ச்சை அணைத்துவிட்டுத் தடியைத் தூக்கினான். அடுத்த சாவடிக்கும் ஏதோ கத்திச் சொன்னான், அங்கே எங்களை நிறுத்தவேயில்லை. அவன் ஊரில், காலிப் பக்கமோ மாத்தறைப் பக்கமோ, அவன் வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த முறை வேறோர் ஆஸ்பத்திரி. முதலில் அவர்கள் பயந்தது காலின் ஆழ் நாளத்தில் இரத்தம் கட்டியிருக்குமோ என்று. மற்றவர்களுக்கு ஒரு கால் திடீரென்று வீங்கினால் அது தெரியும். முப்பத்தைந்து வருஷமாக வீங்கியே இருக்கிற காலில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஸ்கேன் எடுக்கிற பெண் அரை மணித்தியாலம் அந்தத் தடித்த தோலுக்கு மேல் கருவியை அழுத்தி அழுத்தித் தேடினார். “போன கிழமை கால் எவ்வளவு இருந்தது?” என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்த கால், ஒருநாளும் அளந்ததில்லை. இரத்தக் கட்டு இல்லை என்று ஒருவழியாக முடிவு செய்து, மூட்டுக்குள் ஊசி விட்டு எடுத்தார்கள். சீழ்.

யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் எங்களை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். “உங்கட அத்தைக்குக் காலில எங்கயாவது முன்னமே புண் இருந்ததோ? தெரிஞ்சால் சொல்லுங்கோ, ஒருத்தரும் உங்களைப் பேசமாட்டினம்.”

அப்போதுதான் சொன்னேன். பாதத்தைத் தூக்கி, சின்ன விரலை விலக்கிப் பார்த்தார். அவரோடு நின்ற பெரிய டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் வந்து பார்த்தார். நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு அந்தப் பெண் எனக்கு விளங்கப்படுத்தியதை என் பாஷையில் சொல்கிறேன். காலில் இரத்தக் குழாய் தவிர இன்னொரு குழாய் வரிசை இருக்கிறது, நிணநீர் ஓடுவது. திசுக்களில் மிஞ்சுகிற நீரையும் உள்ளே வந்த கிருமியையும் வாரிக்கொண்டு போய் நெறிகளில் சேர்ப்பது அதன் வேலை. எங்கள் தோட்டத்துக் காண் மாதிரி. புழு அதை அடைத்துவிட்டால் புரதம் நிறைந்த நீர் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி செழிக்கிறது, விரட்ட வேண்டிய காவல்காரர்களும் அங்கே போய்ச்சேர முடிவதில்லை. இதன்மேல் தொடையைக் கிழித்து மூட்டு வைக்கும்போது மிச்சமிருந்த சின்னக் காண்களில் சிலதும் அறுபடுகின்றன. பிளேன்டீ நிறத்தில் ஊறியது அந்த நீர்தான். காயம் ஈரமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு ஒரு வாசல் திறந்திருக்கிற நாள். இப்படிப்பட்ட காலுள்ளவர்களுக்கு மூட்டு மாற்றினால் மற்றவர்களைவிடக் கிருமி ஏறும் அபாயம் அதிகம் என்பது உலகத்து எலும்பு டொக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதற்காக மாற்றக்கூடாது என்றில்லை. முதலில் சில மாதம் காலுக்கு வைத்தியம்: கழுவி, காயவைத்து, பூஞ்சணத்தைக் கொன்று, விரலிலிருந்து மேல்நோக்கிக் கட்டுப்போட்டு, வீக்கத்தை இறக்குகிற மட்டும் இறக்கி, வெடிப்பெல்லாம் மூடிய பிறகே இடுப்பில் கத்தி. அத்தை தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று பயந்தார். தள்ளித்தான் போட்டிருக்க வேண்டும்.

திரும்பத் திறந்து கழுவினார்கள். உலோகத் தண்டையும் கிண்ணத்தையும் அப்படியே விட்டு, கழற்றக்கூடிய பந்தையும் உள்ளே போட்ட பிளாஸ்டிக்கையும் மட்டும் புதிதாக மாற்றினார்கள். காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள் என்பதால் அவ்வளவோடு போனது. கிருமி உலோகத்தில் படலம் கட்டிக் குடியேறிவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கி, மருந்து கலந்த பசைக் கட்டியை வைத்துவிட்டு, மாதக்கணக்கில் மூட்டு இல்லாமலே காத்திருந்து, பிறகு மீண்டும் புதிது வைக்க வேண்டுமாம். ஆய்வுகூடத் துண்டில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்று வந்தது. தோல் வெடிப்பில் வழி கண்டு வருகிற கிருமி. ஆறு கிழமை நாளத்தில் ஊசி, அதற்கு மேல் குளிசை. அத்தை அந்த வார்ட்டில் சிங்களம் நன்றாகப் பழகிக்கொண்டார். பக்கத்துக் கட்டில் பாணந்துறைக்காரிக்கு இடியப்ப மா வறுக்கும் பக்குவம் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது யாழ்ப்பாண டொக்டர் என் கையில் ஒரு தாள் கொடுத்தார். தினம் இரண்டு தரம் கழுவுவது, துடைப்பது, களிம்பு, கட்டு, கட்டிலின் கால்மாட்டை உயர்த்துவது, மூன்று கிழமைக்கு ஒரு பென்சிலின் ஊசி. கடைசி வரி: கணுக்கால், கெண்டை, முழங்கால் அளவு, தினமும். “அவவுக்குக் குனிய ஏலாது. ஆர் செய்யப்போறீங்கள்?” என்றார்.

அன்று மாலை அப்பா கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

முதல் நாள் பேசினும் துவாயுமாக அத்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தபோது அவர் காலை இழுத்துக்கொண்டார். “ஆம்பளப் புள்ள நீ, எழும்பு.” நான் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். பிறகு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காலை நீட்டினார். தோல் புளியமரப் பட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேலேதான் அப்படி. மடிப்புகளுக்குள்ளே குழந்தையின் அக்குள் போல மெதுவாக இருந்தது. சின்ன விரலிடுக்கில் என் சுண்டுவிரலை விட்டபோது அத்தைக்குக் கூசியது. சிரித்துவிட்டார். சுவரைப் பார்த்தபடியேதான்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். கணுக்கால் 14¼, கெண்டை 19. எட்டு மாதத்தில் கெண்டை 16½ ஆனது. டொக்டர் சென்ரிமீற்றரில் கேட்பார், டேப்பைத் திருப்பிப் பிடித்து மொழிபெயர்த்துக் கொடுப்பேன். இலக்கங்களுக்குப் பக்கத்தில் கடைசியாக ‘இடுக்கு’ என்று ஒரு நிரல் போட்டு, காய்ந்தது, ஈரம், வெடிப்பு என்று ஒரு சொல் எழுதுவேன். வருஷத்தில் மூன்று தரம் வந்த காய்ச்சல் அதன் பிறகு இரண்டே தரம் வந்தது, பத்து வருஷத்தில். மேசை உயரத்தில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்தோம், உயரமான ஸ்டூலில் இருந்து இடியப்பம் பிழிந்தார். நான்கு கடை இரண்டு கடையாகக் குறைந்தது. ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவால் வரும் நாளில் தடியை ஊன்றிக்கொண்டு தானே நடந்து போய்ப் பார்த்தார்.

2016இல் இலங்கையில் யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாது ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வானொலிச் செய்தியில் சொன்னார்கள். அத்தை அந்த நேரம் கால் கட்டுக்காகக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார்.

“ஒழிச்சாச்சாம்” என்றேன்.

“நல்லது” என்றார். “நீ இறுக்காம கட்டு.”

அவர் இறந்தது 2018 மார்கழியில், நெஞ்சு வலியில். மூட்டு கடைசி வரை நின்றது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அளவு இருக்கிறது. கெண்டை 16. இடுக்கு காய்ந்தது. பத்து வருஷத்தில் ஒருநாளும் வராத அளவு. நான் சந்தோஷமாகச் சொன்னேன். அத்தை நம்பவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டு, டேப்பை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். இலக்கம் அழிந்த இடம், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இன்னொரு தரம் அள” என்றார். “நீ இழுத்துப் பிடிக்கிறே.”